பெயர்களைக் காத்த கவிஞர் அன்னா அக்மதோவா

ஆட்சிகள் மறைகின்றன, அவற்றின் கீழ் வாழ்ந்தோரும் மாண்டோரும் விட்டுச்சென்ற கணக்கு மறைவதில்லை. 1917ஆம் ஆண்டுப் புரட்சியில் தோன்றி 1991ஆம் ஆண்டு டிசம்பரில் முடிவுற்ற சோவியத்து ஆட்சியின் கணக்கைத் தீர்க்க அரசியலாரும் நீதிமன்றத்தாரும் வரலாற்றறிஞரும் பின்னாளில் முற்பட்டனர். அவர்கள் அனைவருக்கும் முன்பே, அதைக் கேட்பாரும் இல்லாத காலத்தில், அப்பணியைத் தொடங்கியவர் ஒரு பெண்பாற் கவிஞர். ஒரு சமுதாயத்தின் நினைவுக்குக் கவிதை எவ்வளவு தொலைவு பொறுப்பேற்க முடியும் என்பதற்கும், எந்த இடத்தில் அதன் ஆற்றல் நின்றுவிடுகிறது என்பதற்கும் அன்னா அக்மதோவாவின் வாழ்வே சான்றாக நிற்கிறது.

தேர்ந்துகொண்ட பெயர்

இன்றைய உக்ரைன் நாட்டிலுள்ள ஒடெசா நகரை அடுத்த கடற்கரைச் சிற்றூரில், 1889ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள் அன்னா பிறந்தார். தந்தையார் அந்திரேய் கோரென்கோ கடற்படைப் பொறியாளர். குழந்தைக்கு ஓராண்டு நிறைவதற்குள் குடும்பம் வடக்கே பெயர்ந்து, தலைநகரான பீட்டர்ஸ்பர்க்கை அடுத்த சார்ஸ்கொயே செலோவில் குடியேறிற்று. மன்னர் மாளிகைகளும் பூங்காக்களும் நிறைந்த அவ்வூர், மகாகவி புஷ்கின் பயின்ற ஊருமாகும். அவ்வூர்ப் பூங்காவின் மரநிழல்களே இளம் அன்னாவின் முதற் பள்ளி எனலாம்.

மகள் கவிதை எழுதுகிறாள் என்றறிந்த தந்தையார், குடும்பப் பெயருக்கு அதனால் இழுக்கு நேரலாகாது என்று கடிந்தார். மகள் வாதிடவில்லை. தாய்வழிப் பாட்டியார் ஒருவரின் தாத்தாரியப் பெயரான அக்மதோவா என்பதை எடுத்துத் தமக்குச் சூட்டிக்கொண்டார். அப்போது அவருக்கு வயது பதினேழு. பெயர் என்பது பிறர் தருவது மட்டுமன்று, ஒருவர் தாமே தேர்ந்து அதற்குத் தம் வாழ்நாளையே ஈடாக வைக்கக்கூடியது என்னும் உணர்வு அவரிடத்தில் அத்துணை இளமையிலேயே வேரூன்றியது.

1910ஆம் ஆண்டு கவிஞர் நிக்கலாய் குமிலியோவை அவர் மணந்தார். குமிலியோவ், மண்டல்ஷ்டாம், அக்மதோவா முதலானோர் சேர்ந்த இளங்கவிஞர் குழு, மங்கலான குறியீடுகளில் திளைத்திருந்த அக்கால ருசியக் கவிதையைத் தெளிந்த சொல்லுக்கும் கண்ணாற் காணும் பொருளுக்கும் மீட்டது. உச்சம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லின் அடியாக அவ்வியக்கம் அக்மேயியம் என வழங்கப்பெற்றது. 1912ஆம் ஆண்டில் அக்மதோவாவின் முதல் நூலாகிய 'மாலை' முந்நூறு படிகளே அச்சாயிற்று. அவ்வாண்டிலேயே மகன் லெவ் பிறந்தார். 1914இல் வெளிவந்த 'செபமாலை' மீண்டும் மீண்டும் அச்சேறி நாடறிந்த நூலாயிற்று.

அந்நூல்களின் பாடல்கள் பெரும்பாலும் காதற் பாடல்கள், சிறியவை. ஒரு சந்திப்பு, ஒரு பிரிவு, படிக்கட்டில் நின்ற ஒரு கணம், சாளரத்தருகே வைத்த ஒரு பொருள் ஆகியவற்றின் வழியே உள்ளம் புலப்படும். பேசுவோள் ஒரு பெண், கேட்போன் ஓர் ஆண், இருவருக்கும் பெயரில்லை. நம் அகத்திணை மரபை அறிந்தோர்க்கு இதன் நயம் எளிதில் விளங்கும். அகத்தில் பெயர் சுட்டுதல் கூடாது. புறத்திலோ, அதிலும் கையறுநிலையில், இறந்தோன் இன்னான் எனப் பெயர் சொல்லியே அழுதல் வேண்டும். அகத்திணைக் கவிஞராகத் தொடங்கிய அக்மதோவாவைக் காலம் புறத்திணைக்குத் தள்ளிற்று. அவர் வாழ்வின் பெருந்திருப்பம் இதுவே.

போகாமல் நின்றவர்

1917ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் எழுத்தாளரும் கலைஞரும் பல்லாயிரவர் நாட்டை விட்டு வெளியேறினர். அக்மதோவாவின் நெருங்கிய நண்பர் சிலரும் சென்றனர், அவரையும் அழைத்தனர். அவர் மறுத்தார். புதிய ஆட்சியின் கொள்கையை அவர் ஏற்றவரல்லர். ஆயினும் தம் மொழி பேசுவோர் எந்த இன்னலில் இருப்பினும் அவ்வின்னலுக்குள்ளேயே இருப்பது கவிஞரின் கடன் என்று கொண்டார். அந்த முடிவின் விலையை அவர் அப்போது அறிந்திருக்க இயலாது.

விலை விரைவிலேயே கேட்கப்பட்டது. 1918ஆம் ஆண்டிலேயே குமிலியோவும் அவரும் மணவிலக்குப் பெற்றிருந்தனர். 1921ஆம் ஆண்டு ஆகஸ்டில், ஆட்சிக்கு எதிரான சூழ்ச்சியில் பங்குகொண்டார் எனக் குற்றஞ்சாட்டப்பட்டுக் குமிலியோவ் சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வழக்கில் கொல்லப்பட்ட 61 பேரின் பெயர்களும் பெத்ரொகிராத் நாளிதழில் வெளியாயின. அரசு தான் கொன்றவர்களின் பெயர்களை அச்சிட்டு அறிவித்த காலம் அது. பதினாறு ஆண்டுகள் கழித்து வந்த பெருங்கொலைக் காலத்தில் அந்தப் பட்டியல்களும் மறைக்கப்பட்டன. குமிலியோவ் மீதான வழக்கே புனைந்துரை என்பதை அரசு ஒப்புக்கொள்ள 1990களின் தொடக்கம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1920களின் நடுவிலிருந்து அக்மதோவாவின் கவிதைகள் இதழ்களில் வருவது நின்றது. பழைய உலகின் எச்சம் என்று விமரிசகர்கள் அவரை ஒதுக்கினர். 1940ஆம் ஆண்டு வரை அவர் பெயரில் புதிய கவிதை நூல் ஒன்றும் வெளிவரவில்லை. அக்காலத்தில் அவர் புஷ்கின் ஆராய்ச்சியில் ஈடுபட்டார். கலை வரலாற்றறிஞர் நிக்கலாய் பூனினுடன், ஃபந்தான்கா ஆற்றங்கரையிலுள்ள பழைய மாளிகையின் பின்கட்டில் வாழ்ந்தார். நீரூற்று இல்லம் என அழைக்கப்பெற்ற அம்மாளிகையின் ஒரே குடியிருப்பில், கூட்டுக் குடியிருப்பு முறைப்படி, பூனினின் முதல் மனைவியும் மகளும் வாழ்ந்தனர், பிறரும் வாழ்ந்தனர். வாழ்க்கை வறுமையில் கழிந்தது.

சிறைவாயில்

1934ஆம் ஆண்டு மே மாதம், ஸ்டாலினைச் சாடி மண்டல்ஷ்டாம் இயற்றிய சிறு கவிதைக்காக அவரைக் கைதுசெய்யக் காவலர் வந்த இரவில், அக்மதோவா மாஸ்கோவில் அவர் இல்லத்தில் விருந்தினராய் இருந்தார். விடியும் வரை நடந்த சோதனையைக் கண்ணாற் கண்டார். 1938ஆம் ஆண்டு இறுதியில் மண்டல்ஷ்டாம் தூரக்கிழக்கில் விளாதிவஸ்தோக் அருகே இடைத்தங்கல் முகாமொன்றில் இறந்தார்.

அக்மதோவாவின் சொந்த இல்லமும் தப்பவில்லை. 1935ஆம் ஆண்டு அக்டோபரில் பூனினும் லெவும் கைதாயினர். அக்மதோவா மாஸ்கோ சென்று ஸ்டாலினுக்கு விண்ணப்பம் எழுதிச் சேர்ப்பித்தார். இருவரும் விரைவில் விடுவிக்கப்பட்டனர். ஆனால் 1938ஆம் ஆண்டு மார்ச்சில் லெவ் மீண்டும் கைதானபோது எந்த விண்ணப்பமும் பயன்தரவில்லை. தந்தை சுடப்பட்டவர் என்பதும் தாய் ஐயத்துக்குரியவர் என்பதும் அந்த இளைஞரைப் பின்தொடர்ந்த குற்றங்கள்.

1937, 1938 ஆகிய ஈராண்டுகளில் மட்டும் அரசியற் குற்றத்தின் பேரால் 6,81,692 பேர் சுடப்பட்டதாக அரசின் ஆவணங்களே கணக்குத் தருகின்றன. மேலும் மிகப் பலர் முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். ஒவ்வொரு கைதிக்கும் வெளியே ஒரு தாயோ மனைவியோ சகோதரியோ இருந்தார். லெனின்கிராட் நகரில் நெவா ஆற்றங்கரையிலுள்ள கிரெஸ்தி என்னும் செங்கற் சிறையின் வாயிலில் அப்பெண்கள் நள்ளிரவு முதற்கொண்டே வரிசையில் நின்றனர். சிறு சாளரம் ஒன்றின் வழியே கைதிக்குரிய பணத்தையோ பொட்டலத்தையோ நீட்டுவர். உள்ளிருப்பவர் அதைப் பெற்றுக்கொண்டால் மகன் உயிருடன் அங்கேயே இருக்கிறான் என்று பொருள். மறுத்தால், வேறிடம் அனுப்பப்பட்டான் அல்லது இறந்தான் என்று கொள்ளவேண்டும். கடிதத் தொடர்பு உரிமையின்றிப் பத்தாண்டுச் சிறை என்று பலருக்கு விடை கிடைத்தது. அவ்விடையின் பொருள் சுட்டுக் கொல்லப்பட்டான் என்பதே என அவர்கள் அறிய நெடுங்காலம் ஆயிற்று.

அவ்வரிசைகளில் அக்மதோவா பதினேழு மாதங்கள் நின்றார். ஒருநாள் குளிரில் உதடுகள் நீலம் பாய்ந்திருந்த பெண்ணொருத்தி, வரிசையில் நிற்பவர் கவிஞர் என்று யாரோ சொல்லக் கேட்டு, இந்த நிலையை எழுத்தில் வடிக்க இயலுமா என்று அவர் செவியருகே வினவினாள். அவ்வாயிலில் எல்லோரும் தாழ்ந்த குரலிலேயே பேசினர். இயலும் என்று அக்மதோவா விடையளித்தார். அப்பெண்ணின் பெயர் அவருக்குத் தெரியாது. விடை கேட்ட அவள் முகத்தில், புன்னகையாயிருந்த ஒன்றின் சாயல் தோன்றி மறைந்தது. 'ரெக்வியம்' என்னும் இரங்கற்பா அந்த வாக்குறுதியின் நிறைவேற்றம்.

தாளில் இல்லாத நூல்

'ரெக்வியம்' சிறு பாடல்களின் கோவை. பெரும்பகுதி 1935க்கும் 1940க்கும் இடையில் இயற்றப்பெற்றது. காணிக்கையும் முகப்பும் முடிவுரையும் நடுவே பத்துப் பகுதிகளும் கொண்டது. தாயொருத்தியின் தனித்துயரில் தொடங்கி, சிலுவையருகே நின்ற மரியாளின் மௌனத்தைத் தொட்டு, வரிசையில் நின்ற அனைவரின் குரலாக விரிவது. அவர்கள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைக்க விழைந்ததாகவும், பட்டியல் பறிக்கப்பட்டதால் அது இயலவில்லை எனவும் கவிஞர் அதில் வருந்துகிறார். கையறுநிலை பாடவந்தவருக்குப் பாடப்படுவோரின் பெயரே மறுக்கப்பட்ட கொடுமை அது.

இக்கவிதை வீட்டில் கண்டெடுக்கப்பட்டால் கவிஞரின் உயிரோடு மகனின் உயிரும் போகும். ஆகவே அது தாளில் நிலைக்கவில்லை. நம்பிக்கைக்குரிய தோழி வரும்போது, வீட்டில் ஒட்டுக்கேட்கும் கருவி இருக்கலாம் என அஞ்சி, அக்மதோவா தட்பவெப்பத்தைப் பற்றியோ தேநீரைப் பற்றியோ உரக்கப் பேசுவார். பேசிக்கொண்டே ஒரு துண்டுத் தாளில் சில வரிகளை எழுதி நீட்டுவார். தோழி அதை மனத்திற் பதித்துக்கொண்டு திருப்பித் தருவார். பின் தீக்குச்சி, சாம்பற் கிண்ணம். இவ்வாறு மனனம் செய்தோருள் முதன்மையானவர் எழுத்தாளர் லிதியா சுகோவ்ஸ்கயா. அவர் கணவர் மத்வேய் பிரன்ஷ்டெய்ன் இயற்பியலறிஞர். 1938ஆம் ஆண்டு சுடப்பட்டவர். கடிதத் தொடர்பு இல்லாத பத்தாண்டு என்ற பொய்யான விடையைப் பெற்றோருள் சுகோவ்ஸ்கயாவும் ஒருவர். வீடு திரும்பும் வழியெல்லாம் ஒரு சொல்லும் நழுவாதபடி வரிகளை உள்ளத்துள் ஓதிக்கொண்டே அவர் நடந்தார். ஏறத்தாழப் பத்துப்பேர் நெஞ்சில் அந்நூல் இருபதாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தது. ஒருவரும் காட்டிக்கொடுக்கவில்லை.

எழுத்தறிவு பரவாத காலத்தில் கவிதை வாய்மொழியாய் வாழ்ந்ததை நாம் அறிவோம். நாட்டினர் ஏறத்தாழ அனைவரையும் எழுத்தறிந்தோராக்கியது என்று பெருமைகொண்ட ஓர் ஆட்சியின் கீழ், அந்நாட்டின் சிறந்த கவிதை ஒன்று வாய்மொழிக்குத் திரும்ப நேர்ந்தது. எழுத்தறிவித்த பெருமையும் உண்மை. எழுத அஞ்சவைத்த சிறுமையும் உண்மை. அவ்வாட்சியின் கணக்கில் இரண்டையும் எழுதியே தீரவேண்டும்.

பழியும் பணிவும்

போர் வந்தது. 1941ஆம் ஆண்டு முற்றுகைக்குள்ளான லெனின்கிராடிலிருந்து அக்மதோவா விமானத்தில் வெளியேற்றப்பட்டு, தாஷ்கந்து நகரில் 1944 வரை தங்கினார். ருசியச் சொல்லைக் காப்போம் என்று உறுதி கூறும் அவருடைய கவிதை 1942ஆம் ஆண்டு கட்சியின் நாளேடாகிய பிராவ்தாவிலேயே வெளிவந்தது. நோரில்ஸ்க் முகாமில் தண்டனை முடித்த லெவ், போர்முனைக்குச் சென்று பெர்லின் வரை முன்னேறிய படையில் இருந்தார். இடர் நீங்கிற்று என்று எண்ண இடமிருந்தது.

1946ஆம் ஆண்டு ஆகஸ்டு 14ஆம் நாள், 'ஸ்வெஸ்தா', 'லெனின்கிராட்' என்னும் இரு இதழ்களைக் கண்டிக்கும் தீர்மானத்தைக் கட்சியின் மையக்குழு வெளியிட்டது. நகைச்சுவை எழுத்தாளர் ஸோஷ்சென்கோவும் அக்மதோவாவும் அதன் இலக்குகள். ஸ்டாலினின் நெருங்கிய துணைவரான ஜ்தானோவ், அக்மதோவாவைத் துறவிக்கும் விலைமகளுக்கும் இடைப்பட்டவர் என்று மேடையில் இழித்துரைத்தார். இருவரும் எழுத்தாளர் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டனர். அச்சாகவிருந்த நூல் அழிக்கப்பட்டது. அத்தீர்மானம் பள்ளிகளிலும் பாடமாயிற்று. ஒரு கவிஞரைப் பற்றிய வசையை மாணவர் பல்லாயிரவர் படிக்க, அவர் கவிதையைப் பத்துப்பேர் மறைவாகப் பாடம் செய்து வைத்திருந்தனர்.

1949ஆம் ஆண்டு பூனின் கைதானார். 1953ஆம் ஆண்டு வடதுருவத்தை ஒட்டிய முகாமில் இறந்தார். அதே 1949 நவம்பரில் லெவ் மீண்டும் கைதாகிப் பத்தாண்டுத் தண்டனை பெற்றார். அக்மதோவா தம் கையெழுத்துப் படிகளை எரித்தார். பின்னர், 1950ஆம் ஆண்டு, ஸ்டாலினைப் போற்றும் பாடல்களை எழுதி இதழொன்றில் வெளியிட்டார். மகனின் உயிரைக் காக்கவே எழுதினார் என்பதில் ஐயமில்லை. பயன் விளையவில்லை, லெவ் முகாமிலேயே இருந்தார். பின்னாளில் அப்பாடல்கள் தம் நூல்களில் இடம்பெறுவதை அவர் விரும்பவில்லை.

அக்மதோவாவைப் போற்றுவோர் சிலர் இப்பகுதியை விரைந்து கடந்துவிடுவர். அவ்வாறு கடத்தல் முறையன்று. ஓர் ஆட்சி தன் குடிகளுக்குச் செய்த தீமைகளுள், கொன்றதும் சிறையிட்டதும் மட்டுமின்றி, ஒரு தாயின் அன்பையே பிணையாக வைத்து அவர் நாவிலிருந்து தனக்குப் புகழுரை பெற்றதும் ஒன்று. 'ரெக்வியம்' பாடிய நாவே அதையும் பாட நேர்ந்தது. குற்றமற்ற தூயோர் ஒருபுறம், கொடியோர் மறுபுறம் எனக் கணக்கை எளிதாகப் பிரித்துவிட முடியாது என்பதை அப்பாடல்கள் காட்டுகின்றன.

எதிரெதிரே இரு பாதியர்

1953ஆம் ஆண்டு மார்ச் 5ஆம் நாள் ஸ்டாலின் இறந்தார். 1956ஆம் ஆண்டு பிப்ரவரியில் கட்சியின் இருபதாம் பேராயத்தில் குருஷ்சேவ் மூடிய அரங்கில் ஆற்றிய உரை, ஸ்டாலினின் குற்றங்கள் சிலவற்றை ஒப்புக்கொண்டது. முகாம்களிலிருந்து மக்கள் திரும்பினர். லெவும் அவ்வாண்டு திரும்பினார். அப்போது அக்மதோவா தோழி சுகோவ்ஸ்கயாவிடம் கூறிய ஒரு கருத்து அவர் நாட்குறிப்பின் வழியே நமக்குக் கிட்டியுள்ளது. சிறையிட்ட ருசியாவும் சிறைப்பட்ட ருசியாவும் இனி ஒன்றையொன்று கண்ணுக்குக் கண் நோக்கப்போகின்றன என்பது அதன் சாரம்.

அந்த நோக்கு நிகழ்ந்ததா? நிகழவிடாமல் தடுக்க அரசு முனைந்து உழைத்தது. 1955ஆம் ஆண்டு இரகசியக் காவல்துறை தன் அலுவலகங்களுக்கு ஒரு கட்டளை விடுத்திருந்தது. சுட்டுக் கொல்லப்பட்டோரின் உறவினர் வந்து வினவினால், அவர் முகாமில் நோயுற்று இறந்தார் என்று கூறவேண்டும். பொய்யான நாளும் பொய்யான நோயும் குறித்த இறப்புச் சான்றிதழ் தரவேண்டும். பல்லாயிரம் குடும்பங்கள் அச்சான்றிதழ்களைப் பேழையில் வைத்துக் காத்தன; தவறான நாட்களில் இறந்தோரை நினைத்து விளக்கேற்றின. குற்றம் நிகழவில்லை எனக் கூறுவது ஒருவகைப் பொய். நிகழ்ந்ததை ஒப்புவதாகக் காட்டிக்கொண்டு அதன் நாளையும் இடத்தையும் மாற்றுவது அதனினும் நுண்ணிய பொய்.

அந்த நோக்கு அக்மதோவாவின் இல்லத்திலேயே இடர்ப்பட்டது. தம்மை மீட்கத் தாய் போதிய முயற்சி எடுக்கவில்லை, மகனைவிடக் கவிதையே அவருக்குப் பெரிதாயிற்று என்று லெவ் கருதினார். தாய் எழுதிய விண்ணப்பங்களையும் பாடிய புகழ்ப்பாடல்களையும் அவர் மனம் ஏற்கவில்லை. 1960களில் இருவரும் ஏறத்தாழப் பேச்சற்றுப் போயினர். பிரிவுக்குக் காரணமானவன் இருவருள் ஒருவரும் அல்லன்; ஆயினும் காரணமானவன் முன்னே இல்லாதபோது, துன்புற்றோர் ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டுவது உலகியல்பு. குற்றமிழைத்தோரைக் கேள்வி கேட்கும் மன்றம் இல்லாத நாட்டில் அக்கேள்வி வீட்டுக்குள் புகுந்துவிடுகிறது.

1962ஆம் ஆண்டு, சோல்செனித்சினின் முகாம் கதை மாஸ்கோ இதழொன்றில் வெளிவந்த பின், 'ரெக்வியம்' முதன்முறையாகத் தட்டச்சேறியது. சோவியத்து இதழ் எதுவும் அதை வெளியிடத் துணியவில்லை. 1963ஆம் ஆண்டு ஆசிரியரின் இசைவின்றி அது மியூனிக் நகரில் அச்சாயிற்று. 1964ஆம் ஆண்டு இத்தாலி நாடு பரிசளித்தது. 1965ஆம் ஆண்டு ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. பிராட்ஸ்கி முதலிய இளங்கவிஞர் அவரைச் சூழ்ந்திருந்தனர். சோம்பித் திரிபவர் எனக் குற்றஞ்சாட்டப்பட்டுப் பிராட்ஸ்கி 1964இல் நாட்டின் வடபகுதிக்குக் கடத்தப்பட்டபோது, முதிய வயதிலும் அவர் விடுதலைக்கு அக்மதோவா முயன்றார். 1966ஆம் ஆண்டு மார்ச் 5ஆம் நாள், ஸ்டாலின் இறந்த அதே நாளில், அவர் மறைந்தார். லெனின்கிராடை அடுத்த கமரோவோ சிற்றூரில் அவர் உடல் அடக்கஞ் செய்யப்பெற்றது. கல்லறையருகே ஒரு கற்சுவரை எழுப்பியவர் மகன் லெவ். தாய் தம்பொருட்டுக் காத்து நின்ற சிறைச்சுவரை அது நினைவூட்டுகிறது. உயிருடன் இருந்தபோது சொல்லாத ஒன்றை மகன் அந்தக் கல்லில் சொன்னார் போலும்.

பட்டியல் திரும்பிய கதை

கோர்பச்சேவ் ஆட்சியில், 1987ஆம் ஆண்டு, 'ரெக்வியம்' கவிஞரின் தாய்நாட்டில் அச்சேறியது. 1988ஆம் ஆண்டு அக்டோபரில், 42 ஆண்டுகளுக்குப் பின், 1946ஆம் ஆண்டுத் தீர்மானத்தைக் கட்சி தானே நீக்கிக்கொண்டது. 1989இல் நீரூற்று இல்லம் அக்மதோவாவின் நினைவுக் காட்சியகமாயிற்று. அவ்வாண்டிலேயே லெனின்கிராடின் புறத்தே லெவஷோவோ என்னுமிடத்தில் வேலிக்குள் மறைந்திருந்த காடு, சுடப்பட்டோரைப் புதைத்த இடமென ஒப்புக்கொள்ளப்பட்டது. ஆவணங்களின்படி அங்குப் புதையுண்டோர் ஏறத்தாழ 19,000 பேர். 1991ஆம் ஆண்டு அக்டோபரில் அரசியல் ஒடுக்குமுறைக்கு ஆளானோரின் மாசு நீக்கும் சட்டம் நிறைவேறியது. அக்டோபர் 30 நினைவுநாளாயிற்று.

பறிக்கப்பட்ட பட்டியலைத் திரும்பப் பெறும் பணியைக் குடிமக்களே மேற்கொண்டனர். லெனின்கிராடில் சுடப்பட்டோரின் பெயர்களைத் திரட்டி, தேசிய நூலகத்தைச் சார்ந்த அனத்தோலி ரசூமவ் 1995ஆம் ஆண்டு முதல் தொகுதி தொகுதியாக வெளியிடலானார். 1980களின் இறுதியில் உருவான மெமோரியல் என்னும் அமைப்பு முப்பது லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்களைத் தொகுத்தது. 2007 முதல் ஆண்டுதோறும் அக்டோபர் 29ஆம் நாள் மாஸ்கோவில், இரகசியக் காவல்துறையின் தலைமையகத்துக்கு எதிரே, சலோவ்கித் தீவு முகாமிலிருந்து கொணர்ந்து நிறுவிய கல்லின் அருகே மக்கள் வரிசையில் நின்றனர். ஒவ்வொருவரும் இறந்தோர் சிலரின் பெயர், அகவை, தொழில், கொல்லப்பட்ட நாள் ஆகியவற்றை உரக்கப் படித்தனர். கிரெஸ்தி வாயிலில் தாழ்குரலில் பேசிய வரிசைக்கு, எழுபதாண்டு கழித்து உரத்த குரலில் விடை சொன்ன வரிசை அது.

ஆயினும் இரு பாதியரும் கண்ணுக்குக் கண் நோக்கும் நாள் வரவில்லை. கிழக்கு ஜெர்மனியின் இரகசியக் காவல்துறை மக்களைப் பற்றித் தொகுத்த கோப்புகளை அம்மக்களே படிக்க, ஒன்றுபட்ட ஜெர்மனி 1991ஆம் ஆண்டுச் சட்டத்தால் வழிசெய்தது. பழைய காவல்துறையின் அலுவலரும் உளவாளிகளும் உயர் பதவிகள் பெறுவதைச் செக்கோஸ்லோவாக்கியா அதே ஆண்டு சட்டத்தால் தடுத்தது. ருசியாவில் அத்தகைய சட்டத்தை 1992ஆம் ஆண்டு முன்மொழிந்தவர் கலீனா ஸ்தரவோய்தவா. அது நிறைவேறவில்லை, 1998ஆம் ஆண்டு அவர் பீட்டர்ஸ்பர்க்கில் தம் வீட்டு மாடிப்படியில் சுட்டுக் கொல்லப்பட்டார். இறந்தோரின் மாசு நீங்கியது. கொன்றோர் மீது வழக்கில்லை. துன்புற்றோர் உண்டு, துன்புறுத்தியோர் இல்லை என்பதுபோல் கணக்கு பாதியில் நின்றது. பாதியில் நின்ற கணக்கு பின்னோக்கியும் சரியலாயிற்று. 2021ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் மெமோரியல் அமைப்பைக் கலைக்க ருசிய உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அடுத்த ஆண்டு அவ்வமைப்பு அமைதிக்கான நோபல் பரிசைப் பிறருடன் பகிர்ந்து பெற்றது.

தமக்குச் சிலை எடுப்பதாயின், பிறந்த கடற்கரையிலும் வேண்டா, வளர்ந்த ஊர்ப் பூங்காவிலும் வேண்டா, தாம் முந்நூறு மணி நேரம் நின்றும் தமக்குத் திறவாத கதவின் முன் எடுக்கவேண்டும் என்று 'ரெக்வியம்' முடிவுரையில் அக்மதோவா கேட்டிருந்தார். 2006ஆம் ஆண்டு டிசம்பரில் சிலை எழுந்தது; சிற்பி கலீனா தொதோனவா. அது நிற்குமிடம் சிறைவாயில் அன்று. நெவா ஆற்றின் எதிர்க்கரை. மெலிந்த அவ்வுருவம் தலையைத் திருப்பி அக்கரையிலுள்ள செங்கற் சுவர்களை நோக்குகிறது. 2017ஆம் ஆண்டு கிரெஸ்தியின் கைதிகள் நகர்ப்புறத்துப் புதிய சிறைக்கு மாற்றப்பட்டனர்.

கேட்ட இடத்துக்கும் கிடைத்த இடத்துக்கும் நடுவே ஓர் ஆற்றின் அகலம் எஞ்சியிருக்கிறது. அதைக் கடக்கச் சட்டம் வேண்டும், வழக்குமன்றம் வேண்டும், திறந்த ஆவணங்கள் வேண்டும். கவிதையால் அதைக் கடக்க இயலாது. கவிதை செய்யக்கூடியதை அக்மதோவா செய்து முடித்தார். ஆவணங்கள் பூட்டிக் கிடந்த காலமெல்லாம், பெயர்கள் பறிக்கப்பட்டன என்னும் செய்தியைப் பத்துப்பேர் நெஞ்சில் வைத்துக் காத்தார். அச்செய்தி அழியாதிருந்தமையால், பட்டியலைத் தேடவேண்டும் என்பது பின்வந்தோர்க்குத் தெரிந்திருந்தது.